கறை தெரியாத கிரே

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், அப்புறம் வரக்கூடாத இடத்தில் அழுகையும் வந்துவிடும். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பிரைமர் எத்தனை கோட், ஒரு லிட்டர் எவ்வளவு தூரம் ஓடும் என்பதெல்லாம் டப்பா மேலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாதவர்களை வேலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் அம்பத்தூர் கடையில் கலர் கலக்கும் மெஷின் முன்னால் நின்று ஆரம்பித்தவள். பிறகு ஷேட் அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கலர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். ஆவடி, முகப்பேர், பூந்தமல்லி என்று நான் ஏறாத மாடி இல்லை. கடைசிப் பத்து வருடமாக எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிரே. செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும் மேடம்" என்பார்கள். படத்தில் இருக்கிற வீட்டுக்கு நாலு பக்கமும் தோட்டம். இவர்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரியும்.

கிரேயை நம்பாதீர்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், நீலம் நீலமாகவே இருக்கும். கிரே அப்படி இல்லை, பக்கத்தில் எது இருக்கிறதோ அதை வாங்கித் தன்மேல் பூசிக்கொள்ளும். ஐயப்பன்தாங்கலில் ஒரு பிளாட்டுக்கு நானே பார்த்துப் பார்த்து ஒரு கிரே கொடுத்தேன். நான் போனது மத்தியானம் மூன்று மணி. எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்குப் பச்சை வலை போர்த்தியிருந்ததைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. தினமும் காலை வெயில் அந்த வலையில் பட்டு ஹாலுக்குள் வந்தது. பத்து மணி வரைக்கும் சுவரெல்லாம் ஒரு மாதிரிப் பச்சை. அந்த வீட்டுப் பெரியவர் ஹாலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா கலர் குட்த்துக்கீற? காலைல எல்லார் மூஞ்சியும் ஐஸ் பொட்டில வெச்ச பொணம் மாரி கீது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று முகங்களிலும் உயிர் இல்லை. நானே எழுந்து வெளியே வந்துவிட்டேன். மனிதர்கள் ஒரு அறையில் எந்த நேரத்தில் இருப்பார்களோ அந்த நேரத்தில் போய்ப் பார்க்காமல் கிரே கொடுக்காதீர்கள். இது சின்னப் பாடம்.

பெரிய பாடம் ஆவடிக்கு அடுத்த கோவில்பதாகையில் கிடைத்தது. அங்கே ஏரிப்பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவள் இருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட என் தொழில்தான் எனக்குக் கைகொடுத்தது. அவள் உயிரோடு அந்த அறையை விட்டு வெளியே வந்தாளா இல்லையா என்பதுதான் விஷயம், கலர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் பெயர் சேகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. அவரே கடைக்கு வந்தார். அப்பா கட்டிய வீடு, வெளி ஆள் யாரையும் குடிவைத்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். "ஒரே ஒரு ரூம்தான் மேடம். ஸ்டோர் ரூமா இருந்தது. கிரே அடிச்சுட்டா நீட்டா இருக்கும்" என்றார். ஹாலை விட்டுவிட்டு ஸ்டோர் ரூமுக்கு முதலில் கலர் அடிக்கிற குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏதோ ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போனேன். வீடு சுத்தமாக இருந்தது. அந்த அறை மட்டும் பின்பக்கம், பாத்ரூமுக்கு எதிரே. ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளிப்பக்கமிருந்து பிளைவுட் அடித்திருந்தார்கள். "கொசு" என்றார் சேகர். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. வெளிப்பக்கம் கனமாக ஒரு தாழ்ப்பாள், அதில் பூட்டு. டியூப் லைட்டைப் போட்டார். சுவர் முழுக்கப் பழைய கிரீம் கலர். அதில் மூன்று இடத்தில் கறை.

கறை என்றால் எங்களுக்குச் சாப்பாடு மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும், உடனே கிட்டே போய்விடுவேன். மூன்றும் வட்டமாக, பளபளப்பாக, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அகலமாக, மங்கலாக இன்னொரு தேய்மானம். ஒன்று ஜன்னலுக்கு அடியில், ஒன்று மூலையில். எல்லாவற்றிலும் கருப்பானது கதவுக்குப் பக்கத்தில். நான் தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன். என் தலை சரியாக அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது.

"தலைக்கு எண்ணெய் வெச்சு யாரோ ரொம்ப நாள் சாஞ்சு உட்கார்ந்திருக்காங்க சார்" என்றேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்கிற புத்தி.

"முன்னாடி குடியிருந்தவங்களா இருக்கும்" என்றார்.

யாரையும் குடிவைத்ததே இல்லை என்று முந்தின நாள் கடையில் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. ஸ்டோர் ரூமில் மூட்டைதான் சாயும், மூட்டைக்குத் தலை கிடையாது என்பதும் தோன்றியது. அதையும் விழுங்கிவிட்டு அட்டையை விரித்தேன். அவர் மனைவி மாலதி காபி கொண்டுவந்து வைத்தாள். மெலிந்த பெண், முப்பத்தைந்து இருக்கலாம். புருஷன் இருக்கும்போது தலை நிமிராமல் நின்றவள், நான் அட்டையைப் புரட்டுவதைப் பார்த்து, "கொஞ்சம் வெளிச்சமா இருக்கிற மாதிரி குடுங்க மேடம்" என்றாள். சேகர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். ஸ்டோர் ரூமில் வெளிச்சம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு மெல்லிய கிரேயை எடுத்துக் கொடுத்தேன்.

வேலையை அன்வர் பாயிடம் ஒப்படைத்தேன். பூந்தமல்லிக்காரர், பெயின்ட் கான்ட்ராக்டர், என்னோடு இருபது வருடம் வேலை செய்தவர். கையில் சுவருக்குப் பட்டி பூசும் தகடு இருந்தால் எதற்கும் அஞ்சாத மனிதர். இரண்டாம் நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன்.

"யக்கா, ஒரு தபா வந்து பார்த்துட்டுப் போயேன்."

"என்ன பாய், நீர்க்கசிவா?"

"கசிவுன்னா நான் பாத்துக்க மாட்டனா? இது வேற. நீ வா."

போனேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய பெயின்ட்டைச் சுரண்டியிருந்தார். உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், கிரீம் கலருக்கு அடியில், வரிசையாகப் பொட்டு. நம் பெண்கள் குளிக்கும்போது எடுத்துச் சுவரில் ஒட்டிவைப்பார்களே, அந்த ஸ்டிக்கர் பொட்டு. ஒரு விரல் இடைவெளி விட்டு, நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டினால் அடியில் பச்சை பெயின்ட். பச்சைக்கு அடியில் இன்னொரு வரிசைப் பொட்டு.

"இதுக்கு முன்ன ரெண்டு தபா அடிச்சிக்கீறாங்கக்கா. ரெண்டு தபாவும் பொட்ட எடுக்காத மேலயே அடிச்சிட்டுப் பூட்டானுங்க" என்றார் பாய். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு கீது. நில்லு."

உப்புத்தாளை எடுத்துச் சுவரில் சரசரவென்று தேய்த்தார். தலைக்கு மேலே, மொட்டை மாடி அறையில், யாரோ நடக்கிற சத்தம். செருப்பில்லாத கால். பாய் கையை நிறுத்தினார். கால் நின்றது. மறுபடி இரண்டே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினார். மேலே இரண்டு அடி வைத்துவிட்டு நின்றது.

"காத்தாலர்ந்து இப்டித்தான். நம்ம கூட வெள்ளாடுது. ஜின்னுக்கா. என்னா சொல்லு, நான் ஓதினுதான் வேலை செய்றேன்."

"ஜின்னாவது பேயாவது. டேங்க் கழுவற ஆளா இருக்கும்" என்றேன். திரும்பினால் வாசற்படியில் மாலதி டீத் தம்ளரோடு நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "மாடியில யாரும் இல்ல மேடம்" என்றாள்.

மேலே ஏறிப் பார்க்கப் பதினைந்து படி. அதை ஏறாமல் நான் சொன்னது என்ன தெரியுமா? "பொட்டு மேலயே பட்டி இழுத்து மூடிடுங்க பாய், ஃபினிஷிங் நல்லா வரும்." முன்னால் இரண்டு பேர் மூடியதை மூன்றாவதாக நானும் மூடினேன்.

இரண்டு மாதம் கழித்து சேகர் போன் செய்தார். கறை திரும்ப வந்துவிட்டதாம். எனக்கு ரோஷம். நான் சொல்லி பாய் அடித்த சுவரில் கறை வருவதாவது! உடனே போனேன்.

அந்த மெல்லிய கிரேயில், கதவுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், ஒரு தலை. பழைய எண்ணெய் உள்ளேயிருந்து ஊறி வந்தால் காய்ந்துபோய் ஓரம் பழுத்திருக்கும். இதுவோ ஈரமாக மின்னியது. விரலை வைத்தேன், வழுக்கியது. மோந்து பார்த்தேன். வெந்தயம் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய். அன்று காலையில் யாரோ தலைக்கு வைத்த எண்ணெய். அதற்குப் பக்கத்தில் புத்தம்புது அரக்குப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. மாலதியின் நெற்றியைப் பார்த்தேன். குங்குமம்தான் வைத்திருந்தாள்.

எதிரே பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. பிவிசி கதவு, கீழ் மூலையில் உடைந்து கையகலத்துக்கு ஓட்டை. உள்ளே பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் திரும்பியதும் நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பழைய கறைதான் மேல வந்திருக்கு" என்றார் சேகர். குரலில் மாற்றமே இல்லை. "விடுங்க மேடம், உங்க தப்பு இல்ல. இது தெரியாத மாதிரி டார்க்கா ஒரு கிரே குடுங்க."

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்ததும் என்ன செய்தேன்? அட்டையை எடுத்தேன். பயம்தான். வேறொருவர் வீட்டு விஷயம், நமக்கு எதற்கு வம்பு என்கிற பயம். பயம் வந்தால் கை தெரிந்த வேலையைச் செய்யும். கறைக்கு மேல் அட்டையை வைத்து, ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் தெரிகிற மாதிரிப் பிடித்து, "இதுல தெரியுது" என்றேன். அடுத்த கிரே. "இதுலயும் தெரியுது." அடுத்தது. ஒவ்வொன்றாக இருட்டிக்கொண்டே போனேன். மேகம் போய், சிமென்ட் போய், சிலேட்டுக்கு வந்தபோது அந்தத் தலை காணாமல் போனது. "ம், இது நல்லாருக்கு" என்றேன். மாலதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

கறை தெரியாத கலர் கேட்டால் சரியாக எடுத்துக் கொடுப்பது நம் தொழிலில் ஒரு பெருமை. அந்த வாரமே கடையில் இதை ஒரு வெற்றியாக எல்லோரிடமும் சொன்னேன். பாய் மட்டும் அந்த வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் போய் ஒரே நாளில் அடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து புகாரே வரவில்லை. வேலை திருப்தி என்று சேகர் மெசேஜ் அனுப்பினார்.

நாலு மாதம் ஓடியது. ஒரு நாள் காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில், மாலதி தனியாக வந்து நின்றாள். காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது. கவுன்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அந்த ரூமுக்கு மறுபடி லைட் கலர் குடுங்க. கறை தெரியணும். நல்லாத் தெரியற மாதிரி ஒரு கலர் குடுங்க."

முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் கை தன்பாட்டுக்கு அட்டையை எடுத்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்புறம் அதைக் கீழே வைத்தேன். அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, "உள்ள இருக்கிறது யாரும்மா?" என்று கேட்டேன். ஆறு மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எங்க நாத்தனார்" என்றாள். ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பெயர் குமுதா, சேகரின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருடம் மனசு சரியில்லாமல் போய்ப் புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட வரைக்கும் நன்றாக இருந்தாளாம். ஒருநாள் வீட்டை விட்டு நடந்து ரயில் தண்டவாளம் வரைக்கும் போய்விட்டாள். அன்றைக்குப் பூட்டிய கதவு. ஒன்பது வருடம். சேகர் வேலைக்குப் போகும் முன் திறந்து குளிக்கவைத்துச் சாப்பாடு கொடுப்பார், வந்ததும் திறப்பார். சாவி அவர் பையிலேயே இருக்கும். உறவுக்காரர்களுக்கு ஏதோ ஹாஸ்டலில் சேர்த்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஆள் வந்தால் பாத்ரூமில் வைத்துவிடுவார், வேலை நடந்தால் மாடி அறையில்.

"நீங்க அந்தக் கருப்புக் கலர் அடிச்சதுலேர்ந்து அவங்க செவுத்தத் தடவிக்கிட்டே இருந்தாங்க மேடம். எங்க பொட்டு வெச்சோம்னு தெரியல. ஒரு நாளைக்கு ஒண்ணு வெச்சு எண்ணுவாங்க. இப்பல்லாம் ஆள் வர்றதுன்னா அவர் பிச்சு எடுத்துடுவார், அவங்க மறுபடி வெப்பாங்க. இப்ப உட்கார்றதும் இல்ல. படுத்தே கெடக்கறாங்க. மூணு நாளா தண்ணி கூட எறங்கல. அவர் கிட்ட சொன்னா, பாரு, செவுரு இப்ப எவ்ளோ சுத்தமா இருக்குன்றார்."

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். பெண்கள் உதவி எண்ணுக்கு அங்கேயே போன் போட்டேன். கேட்டுக்கொண்டு, ஆட்களோடு வருவதாகவும், ஒரு மணி நேரம் ஆகும் என்றும் சொன்னார்கள். அன்வர் பாயைக் கூப்பிட்டேன். "அதே ஊடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வரேன்" என்றார். அவ்வளவுதான்.

பதினோரு மணி வெயிலில் போய் மூன்று பேரும் அந்தக் கதவு முன் நின்றோம். மாலதி, "அக்கா" என்று கூப்பிட்டுத் தட்டினாள். சத்தமில்லை. நான் தட்டினேன். பாய் கதவில் காதை வைத்தார்.

"யக்கா, மூச்சு வுடற சத்தம் கூட கேக்கல."

போலீஸ் வரும்வரை தொடாமல் இருப்பதுதான் முறை. உள்ளே ஏதாவது ஆகியிருந்தால் எங்கள் மூன்று பேர் தலையிலும் விழும். மாலதியை அவள் புருஷன் என்ன செய்வார் என்று தெரியாது. ஆனால் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் ஏற்கெனவே ஒருமுறை முடிவெடுத்திருந்தேன், அதன் பலன்தான் உள்ளே கிடந்தது. "உடைங்க பாய்" என்றேன்.

அவர் சுத்தியலை எடுக்கவில்லை. தாழ்ப்பாளைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். வெளியே தாழ்ப்பாள் போட்டவன் திருகையும் வெளியேதானே போட்டாக வேண்டும்! நாலு திருகு. பூட்டு பூட்டியபடியே இருக்க, தாழ்ப்பாள் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாலதி அந்தத் திருகுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இது தோணவே இல்லையே மேடம்" என்றாள். அதை மூன்று நாலு தடவை சொன்னாள்.

கதவைத் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை.

சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு நாலு சுவரும் ஒரே இருட்டு, தரை எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. டியூப் லைட் சுவிட்சைத் தட்டினால் எரியவில்லை. அந்தக் கலர் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் குடித்துவிட்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்த கலர். மாலதி "அக்கா, அக்கா" என்று தரையைத் தடவிக்கொண்டு போனாள். பாய் வாசற்படியில் நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். அப்போது என் கால் பக்கத்திலிருந்து, ஒரு அடிகூடத் தள்ளி இல்லை, குரல் வந்தது.

"அட்டக்காரியா?"

குனிந்தேன். கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக ஒண்டிப் படுத்திருந்தாள். சாம்பல் படிந்த மாதிரி ஒரு நைட்டி. கண் மட்டும் தெரிந்தது.

"பாத்ரூம் கதவு ஓட்டையாண்ட குந்திகினு பாத்தேன்" என்றாள். குரல் காய்ந்துபோயிருந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "ஒண்ணொண்ணா வெச்சுப் பாத்த. என் தல தெரீலன்ன ஒடனே நல்லாக்கீதுன்ன."

ஓங்கி அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிச்சுடும்மா என்று சொன்னேன், சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அவள் தண்ணீர் கேட்டாள். மாலதி மடியில் சாய்த்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். இறங்கியது.

அதற்குள் உதவி மையத்துப் பெண்மணியும் ஒரு பெண் போலீசும் வந்துவிட்டார்கள். சேகருக்குத் தகவல் போய், அவர் என் போனுக்குத்தான் முதலில் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என் தங்கச்சிய நான் தெருவுல வுடலையே மேடம். ஒரு நாள் பட்டினி போடலையே. தலைக்கு எண்ணெய் கூட நான்தான் தெனம் வெச்சேன்" என்றார். அழுதார். பொய் அழுகை இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குலைநடுங்க வைக்கிறது. அந்த மனிதர் தன்னைக் கெட்டவர் என்று ஒரு நாளும் நினைத்திருக்கவில்லை. நானும் என்னை அப்படி நினைத்திருக்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கறையைப் பார்த்ததும் அட்டையை விரிக்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் பொய் என்று தெரிந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். நம்மை அடுப்படி வரைக்கும், படுக்கையறை வரைக்கும் கூசாமல் கூட்டிப்போகிறார்கள். போலீஸ்காரருக்கோ டாக்டருக்கோ காட்டாத சுவரை நமக்குக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு, நான் கலருக்கு மட்டும்தான் வந்தேன் என்று சொல்ல நமக்கு வாய் இருக்கக்கூடாது. கஸ்டமர் போனால் போகட்டும்.

குமுதாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. உட்கார்ந்து வரத் தெம்பிருக்கிறது என்று பெண் போலீஸ் சொன்னதால் ஆட்டோவில் ஏற்றினோம். மாலதியும் நானும் இரண்டு பக்கம், நடுவில் அவள். அன்வர் பாய் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். போலீஸ் வண்டி பின்னால் வந்தது. குமுதா மாலதியின் முந்தானையைக் கண்ணுக்கு மேல் போர்த்தியிருந்தாள், வெயில் தாங்கவில்லை. தெருமுனை திரும்பும்போது அதற்குள்ளிருந்து கேட்டாள்.

"ஏரி இன்னும் கீதா?"

யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாமல் நானே சொன்னேன். "இருக்கும்மா."

"காட்டு."

ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் முந்திக்கொண்டு, "நைனா, ஏரிக்கரை ஓரமா கொஞ்சம் நிறுத்திக்கோ" என்றார். ஆட்டோ நின்றது. மாலதியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முந்தானையை விலக்கி, கையைக் கண்ணுக்குக் குடை பிடித்து, தண்ணீரைப் பார்த்தாள். பிறகு நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடியும் தண்ணீர் டேங்கும் அங்கிருந்தே தெரிந்தன.

"இம்மாங் கிட்டயா கீது?" என்றாள். "நான் ரொம்ப தூரம்னு நெனச்சிகினு இருந்தேன்."

இரண்டு தெருதான் வந்திருந்தோம். பாய் டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.